மூன்று விரல் இடைவெளி

பாறையக்காவுக்கு என் நாற்காலி மேல் ஒரு கண். அதை அவள் ஒளித்ததே இல்லை. மலையடிவாரத்தில் டிக்கெட் கிழிக்கும் அறை ஒன்று, அதில் ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, கை வைத்த மர நாற்காலி. இருபத்தாறு வருஷம் அதில் உட்கார்ந்தவன் நான். இது நடந்த மாதக் கடைசியோடு எனக்கு ஓய்வு. "அண்ணன் போனதும் அந்த இடம் உங்களுக்குத்தான்ம்மா" என்று வன அதிகாரி தன் வாயாலேயே அவளிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் மலையேறுமுன் ஜன்னல் பக்கம் வந்து நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"அண்ணே, பார்த்து உட்காருங்க. ஒரு கால் ஆடுது. உடைச்சுராதீங்க."

"நான் இன்னும் சாகலை, தங்கச்சி."

"சாகவெல்லாம் வேண்டாம். எழுந்துட்டா போதும்."

அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷமாக மலைக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போய்ப் பாறை காட்டுகிற வேலை. நானூற்றுப் பன்னிரண்டு படி. படி என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். பாதி வெட்டின கல், பாதி மரவேர், மழை பெய்தால் முழுக்க வழுக்கல். கடைசி எழுபது படிக்கு ஒரு பக்கம் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கும். ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூச்சு வாங்குகிறவர்களை இழுத்து மேலே ஏற்றுவாள். காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். விடுமுறை நாளென்றால் மூன்று.

மலையிலே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கல்தான் இருக்கிறது. முதலில் ஒட்டகம் வரும். அப்புறம் கிழவன் மூக்கு. இருநூறாவது படிக்குப் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டைக் கல், பெயர் ரெண்டு ரொட்டி. காற்றடித்தால் சீட்டியடிக்கிற குகை ஒன்று. ஒட்டகம் ஒட்டகம்போல இல்லையே என்று தினமும் யாராவது ஒருவர் கேட்பார். "கொஞ்சம் நின்னு பாருங்க, வரும்" என்பாள் அவள். அவர்கள் நின்று பார்க்கிற அந்த நேரத்தில் இவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் சாய்ந்துகொள்வாள். ஒட்டகம் பாதிப்பேருக்கு வராது. இவளுக்கு மூச்சு மட்டும் திரும்ப வந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் உச்சியில் தொப்பிப் பாறை. ஒரு வீட்டளவு பெரிய கல், இன்னொரு கல்லின் தலையில் சற்று முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் பள்ளத்தாக்கு. தொப்பியின் விளிம்புக்கு அடியில் நல்ல நிழலாக ஒரு சமதரை. மேலே வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். பின்பக்கம், அதாவது மேட்டுப்பக்கம், தொப்பிக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்து பெரிதானால் கல் முன்னால் சாய்கிறது என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ எந்த அதிகாரியோ பயந்துபோய் ஒரு உத்தரவு போட்டிருந்தார்: மாதம் முதல் தேதி சந்தை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். எதை வைத்து அளப்பது என்று உத்தரவில் இல்லை. இவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர் விரலை விட்டுப் பார்த்து, "மூன்று விரல்" என்று எழுதிவைத்தார். இவளும் வந்த முதல் மாதமே மூன்று விரலைச் சேர்த்து உள்ளே விட்டாள். கச்சிதமாகப் போய் நின்றது. அதையே எழுதினாள்.

பிறகு இருநூற்று இருபத்தெட்டு மாதம். ஒரு மாதம்கூட ஏறாமல் எழுதியவள் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். காய்ச்சலோடு ஏறியிருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் ஆன மறுநாள் ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்து என் மேஜை ஓரத்தில் நின்றபடியே எழுதுவாள்: மூன்று விரல். மாற்றமில்லை. அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கீழே முத்திரை குத்தியது நான்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்து மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும், அளவுக்கு வெட்டிய அட்டைகள், கழுத்தில் எப்போதும் டேப். நல்ல மனுஷன், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். பெண்டாட்டி வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "அவளுக்கென்ன, ராணி வேலை. கல் எங்கேயும் ஓடிப்போகாது, நின்னு கையைக் காட்டினா போதும்" என்பார். அவர் மலையேறியதே இல்லை. உட்கார்ந்து தொழில் செய்கிறவருக்கு அதெல்லாம் எதற்கு என்று நானும் கேட்டதில்லை. நான் மட்டும் ஏறினேனா என்ன? வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தடவை, அதோடு சரி.

ஓய்வு பெறுகிற அன்று போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். அதை வாங்கப் போன சாயங்காலம்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான் பொத்தான் காஜா சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேலை முடிந்து அப்போதுதான் வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு ஜோடி துணிக் கையுறையை அவள் மடியில் போட்டார். சங்கிலி பிடிப்பதற்கு அவளுக்கு வருஷத்துக்கு இரண்டு ஜோடி வேண்டும், அவரேதான் தைப்பார்.

"இந்தத் தடவை ஒரு துளி கூட்டி வெட்டியிருக்கேன். போட்டுப் பாரு."

"ஏன் கூட்டினீங்க? பழைய அளவுக்கு என்ன?"

"பழைய அளவா? நல்லாயிருக்கே. ஒவ்வொரு தடவையும்தான் கூட்டிக்கிட்டு வர்றேன். உன் கை பெருத்துக்கிட்டே போகுதுல்ல."

 அவரே எழுந்து போய் ஆணியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் கையுறைக்காக அவள் கையை வைத்து வரைந்து வெட்டிய அட்டை. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. "இங்க பாரு, இதுதான் நீ வந்தப்போ இருந்த கை" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்.

அவள் தன் வலது கையை அதன் மேல் வைத்தாள். விரல்கள் அட்டைக்கு வெளியே வழிந்தன. கணுக்கள் ஒவ்வொன்றும் இஞ்சித் துண்டுபோல வீங்கியிருந்தன. அவரும் நானும் சிரித்தோம். அவள் நடு மூன்று விரலையும் சேர்த்து வைத்து, அட்டையைப் பார்த்து, மறுபடி விரலைப் பார்த்தாள். பிறகு எழுந்து அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது, காரணம்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் கூட்டத்துக்கு முன்னாலேயே தனியாக ஏறி இறங்கி வந்தாள். ஜன்னலில் கை வைத்து நின்றாள்.

"அண்ணே, அட்டையில மூணு விரல் சரியா ரெண்டு இஞ்ச். இப்ப என் கையில ரெண்டரைக்கு மேல. சந்தும் ரெண்டரைக்கு மேல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. கல் சாயச் சாய இவள் விரலும் வீங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் விரல் கச்சிதமாகத்தான் போயிருக்கிறது. அவள் எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை. ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது என்று உலகமே சொல்லும். ஒரே விரல் பத்தொன்பது வருஷம் ஒன்றாக இருக்குமா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு இஞ்ச் டேப் இத்தனை வருஷமும் அவள் வீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"சொன்னா வழியை மூடிருவாங்க" என்றாள். "வழியை மூடினா டிக்கெட் அறையையும் மூடிருவாங்க. இல்லையாண்ணே?"

"ஆமா."

அவள் பார்வை என்னைத் தாண்டி நாற்காலிக்குப் போனது. நான் சொன்னதை இப்போது எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. "மாசக் கடைசி வரைக்கும் பொறு தங்கச்சி. முதல்ல வந்து உட்கார். அப்புறம் புதுசா வர்றவன் அளந்துட்டுப் போறான்" என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தக் கையையும் முழங்காலையும் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தே பார்த்தவன் நான்.

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருதுண்ணே. அறுபது பேர். எங்க உட்கார வைப்பேன்?"

நான் டிக்கெட் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன்.

அன்றே அதிகாரியின் அறைக்குப் போனாள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு நானும் போக வேண்டியிருந்தது. அதிகாரி கெட்டவர் அல்ல; பயந்தவர். அட்டையை மேஜை மேல் வைத்து, கையை அதன் மேல் வைத்து, டேப்பையும் வைத்துக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பதிவேட்டைத் திறந்து ஏடு ஏடாகப் புரட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"மாற்றமில்லை, மாற்றமில்லை, மாற்றமில்லை. நீங்கதானே எழுதினீங்க? இப்ப ஒரு அட்டையைக் கொண்டுவந்து எல்லாம் தப்புங்குறீங்க. நான் மேலிடத்துக்கு என்னன்னு எழுதுறது? தையல்காரர் வெட்டின அட்டைன்னா?"

"என் விரல் வீங்கிப்போச்சு சார்."

"அது ஆஸ்பத்திரியில சொல்ல வேண்டியதும்மா." சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போல ஆகிவிட்டது. குரலை இறக்கினார். "அப்படியே இருந்தாலும், அரை இஞ்ச் நகர பத்தொன்பது வருஷம் ஆயிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள விழுந்துருமா? இந்த மாசம் போகட்டும். அண்ணனுக்கு ஓய்வு, உங்களுக்கு இடம், எல்லாம் முடியட்டும். அப்புறம் முறையா ஆளைக் கூப்பிட்டு அளப்போம். வேலியில போற ஓணானை எடுத்து நாமளே மடியில விட்டுக்கணுமா?"

நியாயமாகத்தான் பேசினார். வெளியே வரும்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டாள். "எனக்கே அலுத்துப்போச்சுண்ணே. ஊதுற சங்கை ஊதிட்டேன். விட்டுரலாம்னு இருக்கு" என்றாள். விடேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அறுபது பிள்ளைகளும் வந்தார்கள். டிக்கெட் கிழித்துக் கொடுத்தது நான்தான். அவர்களோடு வந்த ஆசிரியை அட்டவணை போட்டு வந்திருந்தார்: இத்தனை மணிக்கு ஒட்டகம், இத்தனை மணிக்குத் தொப்பிக்கு அடியில் சாப்பாடு. அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. காற்றில் இலை அசைந்தாலும் மேலே நிமிர்ந்து பார்த்தேன்.

மேலே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். ரெண்டு ரொட்டி வரைக்கும் என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லையாம். கல் சாய்ந்திருக்கிறது என்று சொன்னால் ஆசிரியை அதிகாரியைக் கூப்பிடுவார். அதிகாரி ஒன்றுமில்லை என்பார். பிள்ளைகள் நேரே அடியில் போய் உட்காரும். அதனால் சங்கிலி தொடங்குகிற இடத்தில் கையை விரித்து வழி மறித்து நின்றாள்.

"டீச்சர், மேல போக வேண்டாம். தொப்பியில மலைத்தேனீ கூடு கட்டியிருக்கு. காலையிலதான் பார்த்தேன்."

அறுபது பிள்ளைகளும் எப்படித் திரும்பின என்று சொல்லும்போது மட்டும் சற்றுச் சிரித்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பேச்சை யாரும் அவ்வளவு உடனே கேட்டதில்லையாம். ரெண்டு ரொட்டியில், நல்ல வெயிலில், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு எல்லாரும் சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள். ஆசிரியைக்கு வெயில் பிடிக்கவில்லை. கூட்டை எடுக்காமல் பள்ளிப் பிள்ளைகளை எப்படி அனுமதித்தீர்கள் என்று அதிகாரியிடம் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

அரை இஞ்சுக்கு அசையாத அலுவலகம், தேனீ என்றதும் எழுந்து நின்றது. மறுநாள் காலையே தேன் எடுக்கிறவர்கள் இரண்டு பேரைப் புகைச்சட்டியோடு மேலே அனுப்பினார் அதிகாரி. மதியம் இறங்கி வந்தார்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடி எழுதி வாங்கிக்கொள்வது என் வேலை. அதிகாரி பக்கத்திலேயே நின்றார்.

"கூடு ஒண்ணும் இல்லைங்க" என்றார் மூத்தவர். "சுத்திச் சுத்திப் பார்த்துட்டோம். பின்பக்கம் ஒரு சந்து இருக்குல்ல, அதுக்குள்ள இருக்குமோன்னு கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் சுளுவாப் போச்சு. ஒரு ஈகூட இல்லை. உள்ளாற உடைஞ்ச கல்லு பொடிப்பொடியா கிடக்கு, புதுசா உடைஞ்சது."

நான் எழுதுவதை நிறுத்தினேன். அதிகாரி மூத்தவர் கையையே பார்த்தார். காய்ந்து ஒல்லியான கை, சாதாரண மனுஷன் கை. பிறகு என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டை எடுக்கப் போனேன். "வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெளியூரிலிருந்து கல்லைப் பற்றிப் படித்த ஒருவர் கருவியோடு வந்தார். இரண்டு நாள் பார்த்தார். இன்றைக்கா, இன்னும் முப்பது வருஷமா என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் அடியில் ஒரு ஆள் உட்காரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மலைவழி மூடப்பட்டது. டிக்கெட் அறைக்குப் பூட்டு. எனக்குப் புதுச் சட்டையில் ஒரு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். யாரும் என் இடத்துக்கு வரவில்லை.

பாறையக்காவுக்கு இரண்டு காகிதம் வந்தன. ஒன்று மெமோ: பல ஆண்டுகள் அளவைத் தவறாகப் பதிந்ததற்கும், இல்லாத தேனீக் கூட்டைச் சொல்லிப் பார்வையாளரை அலைக்கழித்ததற்கும் விளக்கம் கேட்டு. இன்னொன்று உத்தரவு: மூடிய வழியில் யாரும் ஏறிவிடாமல் சங்கிலி தொடங்கும் இடத்தில் தினமும் காவல் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை மேட்டுப்பக்கமாகப் போய் இரும்பு ஸ்கேலால் சந்தை அளந்து எழுத வேண்டும். வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. உட்காருவதற்கு டிக்கெட் அறை நாற்காலியை எடுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்.

கையில் கண்ணாடி இல்லையென்று என்னிடம் நீட்டினாள், படித்துக் காட்டியது நான்தான். அவள் இரண்டையும் வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "நாற்காலி கிடைச்சுருச்சுண்ணே" என்றாள். "முந்நூத்து நாற்பத்திரண்டாவது படியில." அழுவாளோ என்று நினைத்தேன். அதற்கும் தெம்பில்லாதவளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை நாற்காலியைத் தூக்க ஆள் இல்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் அன்றைக்கென்று முதுகுவலி. அவள் வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து நின்றார். "என்ன பெரிய மலை, குடு" என்று நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். வேலை வெட்டி இல்லாத நானும் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் கிளம்பினேன்.

அறுபதாவது படியில் அவர் பேச்சு நின்றது. நூறாவது படியில் நாற்காலியை இறக்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. நான் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் எங்களுக்கு மேலே நாலு படியில் நின்று, வழக்கமாக வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றார்.

"இதுவரைக்கும் வந்ததுல இன்னும் ரெண்டரை மடங்கு."

"இதைத் தினமும் ரெண்டு தடவையா ஏறின?"

"கூட்டம் இருந்தா மூணு."

அவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே ஒட்டகத்தைப் பார்த்தார். பார்த்தாரா என்பதே சந்தேகம். பிறகு எழுந்து நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்பது இடத்தில் இறக்கினோம். ராணி வேலை என்ற பேச்சு அன்றோடு போனது.

சங்கிலி தொடங்குகிற இடத்தில் சற்றுச் சமமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டார். ஆடுகிற காலுக்கு அடியில் ஒரு கல் சில்லை வைத்துத் தட்டி, அழுத்திப் பார்த்து, "உட்கார்" என்றார். அவள் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் வேலை இடத்தில் ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். கை விரிந்தும் விரியாமலும் இருந்தது.

அவர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். வரைவதற்கு அட்டை இல்லை. அவள் பையைத் துழாவி அந்த மெமோவை எடுத்துக் கொடுத்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலைப் படுக்கவைத்து அதன் மேல் வைக்கப் பார்த்து, சரிவராமல், தன் தொடை மேலேயே காகிதத்தை விரித்தார். அவள் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். பென்சில் ஒவ்வொரு கணுவிடமும் வரும்போது நின்று நின்று சுற்றிப் போனது.

"கூட்டிக் கூட்டி வெட்டினேனே தவிர, வலிக்குதான்னு ஒரு நாள் கேட்கலை" என்றார், தலை நிமிராமல். "எனக்கு வெட்கமா இருக்கு."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்குதா?"

"ம்" என்றாள். "இப்ப வரையுங்க. அடுத்த கையும் இருக்கு."